பார்த்தால்தான் அடிக்கும் மணி

அவருக்கு அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் நடுமாடி.

பேர் வந்த கதை இது. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், பத்தொன்பது வயதில், ஒரு மர பீரோவை ஏற்றிக்கொண்டு போகும்போது லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே கால் வைக்க இடமில்லை. பீரோவைத் திறந்து அதற்குள் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்த பெரிய மெக்கானிக்கின் கண்ணில் பட்டது பீரோ மட்டும். ஆளைக் காணோம். பதறிப்போய்ப் பீரோவைத் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்டார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் வந்தது: "நடுமாடி." அவ்வளவுதான். இருபத்தேழு வருடமாக அந்தப் பேரை எந்த ஸ்பேனராலும் கழற்ற முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி அவரே சிரிப்பார். ஆனால் ஒரு பாகத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வார். முதல் ஒரு மணி நேரம் கத்தினார். இரண்டாவது மணி நேரம் அழுதார். மூன்றாவது மணி நேரம், எல்லாரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், தன்னை மறந்தே போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி, பீரோக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். அந்தச் சாத்திக்கொண்ட விஷயம் பீரோவுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, ஆள் சிக்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் மனிதர் நடக்கமாட்டார். ஓடுவார். தொப்பை முன்னால் ஓடும், அவர் பின்னால் ஓடுவார். இருபத்தேழு வருடத்தில் அவர் பொறுப்பில் இருந்த லிஃப்டுகளில் யாரும் இருபது நிமிடத்துக்கு மேல் சிக்கிக் கிடந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சொறிவார்.

கம்பெனி என்பது ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆறு மெக்கானிக்குகள், நூற்று நாற்பது லிஃப்டுகள், ஒரு முதலாளி. அப்புறம் போன் அக்கா. லிஃப்ட் எங்கே நின்றாலும் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் கூப்பிடுவது அவரைத்தான். "எத்தனை பேரு உள்ள? மூச்சு விட முடியுதா? பயப்படாதீங்கன்னு சொல்லுங்க, இதோ ஆளை அனுப்பறேன்" என்று ஒரு காதில் பேசிக்கொண்டே, இன்னொரு காதில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மெக்கானிக் எடுக்கவில்லையென்றால், அவர் வேலை பார்க்கும் கட்டடத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அந்த நடுமாடியை இறங்கச் சொல்லுங்க, உடனே!" என்று கத்துவார். அந்தக் கத்தலுக்கு லிஃப்ட் இல்லாமலே ஆட்கள் கீழே இறங்கினார்கள்.

முதலாளிக்குப் புதுமை பிடித்தது. போன் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆப் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். செய்து கொடுத்தது வேறு யாருமில்லை, நடுமாடியின் மச்சினன்.

மச்சினனுக்கு இருபத்தாறு வயது. பதினொரு வயதில் அம்மா போனபிறகு அக்காவோடு நடுமாடி வீட்டுக்கு வந்தவன். அக்காவுக்கு, அதாவது நடுமாடியின் மனைவிக்கு, தபால் ஆபீசில் வேலை. நாள் முழுக்க முத்திரை குத்திக் குத்தி, வீட்டில் பேசும்போதும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து இருக்கும். தம்பிமேல் மட்டும் குத்தாமல் பேசுவாள். படித்துவிட்டு ஒன்றரை வருடம் வேலையில்லாமல் முன்னறையில் கிடந்தவனுக்கு, "நம்ம கம்பெனில கேக்கட்டுமா?" என்று முதலாளியிடம் பேசியது நடுமாடிதான். சேர்ந்த நாலாவது மாதம் அவன் முதலாளி கேட்டதைச் செய்து முடித்தான்.

காட்டிய நாள் பெரிய கூத்து. மேஜைமேல் ஒரு போன், திரை பளபளவென்று திறந்திருந்தது. மச்சினன் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினான். போன் தீயணைப்பு வண்டி மாதிரி அலறியது. கீழே டயர் கடையில் ஒருவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான். ஆறு மெக்கானிக்குகளும் கை தட்டினார்கள். நடுமாடிதான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். "எங்க வீட்டு ஆளு" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துச் சொன்னார். பக்கத்தில் இருந்தவருக்கு ஏற்கனவே தெரியும்.

பிறகு ஒரு வாரம் ஊர் முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு லிஃப்டிலும் பழைய போன் நம்பருக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாட்ச்மேன்களின் போனில் ஒரு சிவப்புப் பொத்தான் வந்தது. அழுத்தினால் பச்சையாகி, "தகவல் சென்றது. மெக்கானிக் வருகிறார்" என்று எழுத்து வரும்.

மெக்கானிக்குகளின் போனில் அடியில் ஒரு வரி, எறும்பு சைசில்: "திரையை அணைக்காதீர்கள்."

எறும்பு கடித்தது இரண்டாவது நாளிலேயே. திரை அணைந்துவிட்டால் அந்த மணி அடிக்காது. திரையை அதிகபட்சம் பத்து நிமிடம்தான் திறந்து வைப்பேன் என்று போன் அடம்பிடித்தது. நடுமாடி அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் திரையை ஒரு தட்டு. பேட்டரி மதியத்துக்குள் செத்துப்போனதால், செங்கல் மாதிரி ஒரு சார்ஜரையும் சட்டைப்பையில் சுமந்தார். சாப்பிடும்போது தட்டினார், பஸ்ஸில் தட்டினார், முடிவெட்டிக்கொள்ளும்போது துணிக்கு அடியில் தட்டினார்.

"ஊர்ல எல்லாரும் குழந்தையைத் தூங்க வைக்கத் தட்டுவாங்க. இவரு போனைத் தூங்க விடாம தட்டறாரு" என்றாள் மனைவி.

"உன் தம்பி பெத்த குழந்தை. நான் மாமன் முறை. தட்டித்தான் ஆகணும்."

மச்சினன் அப்போது சிரிக்காமல் எழுந்து முன்னறைக்குப் போனதை இருவரும் கவனிக்கவில்லை.

தட்டமுடியாத இடம் ஒன்று இருந்தது. லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் கூண்டுக்கு ஷாஃப்ட் என்று பேர். அதில் லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்யவேண்டி வரும். இரண்டு கையும் வேண்டும். ஒரு கை தவறினால் ஆறு மாடி. அதனால் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு விதி மாட்டியிருந்தது: "லிஃப்டின் மேல் ஏறுமுன் கைபேசியைப் பையில் வைக்கவும்." கீழே முதலாளியின் கையெழுத்து. பழைய காலத்தில் இது ஒரு தொல்லையும் இல்லை. பையை மாடிக் கதவில் மாட்டிவிட்டு ஏறுவார், பைக்குள்ளிருந்து போன் கத்தும், இறங்குவார். இப்போது பையில் போனால் போன் தூங்கிவிடும். ஒரே முதலாளியின் இரண்டு விதி, ஒன்று "பையில் வை", இன்னொன்று "அணைக்காதே". ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிற வேலையாக இருந்தால் இரண்டையும் காப்பாற்றிவிடலாம். நடுமாடி இரண்டு மாதம் அப்படித்தான் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் காப்பாற்றினார். தானே லிஃப்டாக மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை ஒன்பது நிமிட வேலை இல்லை. துருப்பிடித்த நாலு போல்ட்டுகள். ஒன்று அசைந்தால் இன்னொன்று முறைத்தது. பாதியில் விட்டு இறங்கவும் முடியாது. விட்டால் கேபின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். காலை பத்து மணிக்கு முன்னால் போனைப் பையில் வைத்து, பையைக் கதவில் மாட்டி ஏறியவர், பதினொன்றரைக்கு எண்ணெய்க் கையோடு இறங்கினார். பையிலிருந்து போனை எடுத்து ஒரு தட்டு.

அலறியது.

ஆள் சிக்கியிருக்கிறது. மூன்று தெரு தள்ளி, ஆறு மாடிக் கட்டடம்.

இப்போதுதான் வந்த தகவல் என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார்? மணி இப்போதுதானே அடித்தது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார். சிவப்பு விளக்கில் நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஒருவர் சட்டையில் கறை பண்ணி, "மன்னிச்சுக்கங்க, ஆள் சிக்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நாலு நிமிடம். நாற்பத்தாறு வயதில் நாலு நிமிடம்! வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, முகமெல்லாம் பெருமையாக, "வந்துட்டேன் பாத்தீங்களா" என்றார்.

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்தியா? வாய்யா வா. விருந்துக்கு வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டு வர்றே. பத்து மணிக்கு அழுத்தினேன்யா பொத்தானை. மூணு தடவை அழுத்தினேன். மூணு தடவையும் பச்சை காட்டுது, வர்றாரு வர்றாருன்னு. அந்த அம்மாகிட்ட நானும் வர்றாரு வர்றாருன்னு சொல்லி என் நாக்கு வறண்டு போச்சு. போன் பண்ணலாம்னா நம்பர் மேல ஸ்டிக்கர். நகத்தால சுரண்டினேன், நம்பரும் சேந்து உரிஞ்சு வருது."

நடுமாடி போனைப் பார்த்தார். தகவலின் மூலையில் அதை அனுப்பிய நேரம் இருந்தது. பத்து மணி ஆறு நிமிடம். அவர் எடுக்காததால் அடுத்த மெக்கானிக்குக்கும் போயிருந்தது. அவர் பஸ்ஸில், அவர் போன் சட்டைப்பையில். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் அறைக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் விட்டு, கேபினை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடிக்கு இறக்கி, இடுப்பில் தொங்கும் முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி. கணக்கு டீச்சர், ஐந்தாம் மாடியில் யாருக்கோ பாடம் சொல்லப் போனவர். மூலையில் நோட்டுகளைப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கை வீங்கியிருந்தது. குரல் போய்விட்டது, காற்றுதான் வந்தது.

"சரியா நூறு நிமிஷம்" என்றார். "மணியை நூத்திப் பதினோரு தடவை அழுத்தினேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணாட்டி பயமா இருந்துச்சு."

நடுமாடி கையைப் பிடித்து எழுப்பினார். எண்ணெய்க் கை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?"

"ஆமாங்க" என்றார் நடுமாடி. "ரொம்ப தூரம்."

அந்தப் பொய்யோடுதான் அன்று வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். கட்டடத்துக்காரர்கள் புகார் எழுதிவிட்டார்கள். லிஃப்டுகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கம் ஏற்கனவே தட்டச்சாகி இருந்தது. "சம்பவ நேரத்தில் நான் கவனக்குறைவாகக் கைபேசித் திரையை அணைத்துவிட்டேன்." கீழே ஒரு கோடு.

"பதினஞ்சு நாள் வீட்ல இரு, அப்புறம் வழக்கம்போல வா. யாரு கேக்கப் போறா? நீ போடலைன்னா, ஆப் சரியில்லைன்னு ஆகும். சரியில்லாத ஆப்பைச் செஞ்சவனை நான் வெச்சுக்க முடியுமா? அவன் உங்க வீட்டுப் பையன். யோசி" என்றார் முதலாளி. மிரட்டல் போலவே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்பது மாதிரி சொன்னார்.

அன்று சாயங்காலம் தாள் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. மனைவி படித்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள்.

"கவனக்குறைவாவா? நீங்களா? குளிக்கும்போதுகூட சோப்பு டப்பா மேல வெச்சுத் தட்டின ஆளா?"

"போட்டுட்டா முடிஞ்சுது. பதினஞ்சு நாள் தூங்குவேன்."

"தூங்குவீங்களா?"

முன்னறைக் கதவோரம் மச்சினன் வந்து நின்றிருந்தான்.

"மாமா. அது ஆப்பே இல்ல."

"என்னது?"

"எல்லாரும் ஆப் ஆப்னு சொல்றீங்க. நானும் திருத்தலை. அது ஒரு வெப் பக்கம் மாமா. நீங்க பிரவுசர்ல நியூஸ் பாப்பீங்களே, அந்த மாதிரி ஒரு பக்கம். போன்ல ஒரு படம் வெச்சு, ஆப் மாதிரி வேஷம் போட்டு விட்டிருக்கேன்."

"வேஷம் போட்டா என்ன, மணி அடிச்சா சரிதானே?"

"அதான் அடிக்காது." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ஆப்னா போன்ல குடித்தனக்காரன் மாதிரி. சொந்தமா சாவி இருக்கு. ஸ்கிரீன் அணைஞ்சாலும் உள்ள முழிச்சிருக்கலாம், ஆபத்துன்னா விடாம கத்தலாம். வெப் பக்கம் விருந்தாளி. பிரவுசர்தான் வீட்டுக்காரன். ஸ்கிரீன் அணைஞ்சா, 'சரி, விளக்கணைக்கறேன், நீ படு'ன்னு சொல்லிடுவான். படுத்துத்தான் ஆகணும். நீங்க திரும்ப எடுத்துப் பாக்கும்போது எழுப்புவான். அப்பதான் அதுக்கு விஷயமே தெரியும், அப்பதான் அலறும்."

"அறிவிப்புன்னு என்னமோ வருமே, டிங்னு? அது?" என்றாள் அக்கா.

"அது இருக்கு. போட்டுப் பாத்தேன். சில போன்ல வருது. சில போன்ல பேட்டரியை மிச்சம் பண்றேன்னு அதையும் அமுக்கிடுது. வந்தாலும் ஒரே ஒரு டிங். ஷாஃப்டுக்குள்ள நிக்கறவருக்கு அது கொசு மாதிரி."

"இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் மேஜைமேலிருந்த தாளைப் பார்த்தான்.

"செய்யும்போதே தெரியும்."

அக்கா கையை ஓங்கினாள். பதினைந்து வருடத்தில் முதல்முறை. ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்று, கடைசியில் மேஜைமேல் தபால் முத்திரை மாதிரி விழுந்தது. தண்ணீர் டம்ளர் குதித்தது.

"போடுங்க கையெழுத்தை" என்றாள் கணவனிடம். உடனே, "போடாதீங்க" என்றாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியலை. என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. நடுமாடி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அடுத்த நாள் காலை ஆபீசுக்குப் போய், முதலாளியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அவருடைய பேனாவையே வாங்கி, 'கவனக்குறைவாக' என்ற சொல்லை அடித்தார். கீழே தன் கோணல் கையெழுத்தில் எழுதினார்: "திரையை அணைத்தது உண்மை. போனைப் பையில் வைக்காமல் மேலே ஏறக்கூடாது என்பது விதி, பையில் வைத்தால் திரை அணைந்துவிடும். நாளைக்கு ஏறினால் நாளைக்கும் அணைப்பேன். அந்த டீச்சர் உள்ளே இருந்தபோது நான் மூன்று தெரு தள்ளி இருந்தேன். கூப்பிட்டிருந்தால் நாலு நிமிடம்." கையெழுத்துப் போட்டார். மச்சினனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அப்படி எழுதினால் அவன் தப்பிவிடுவான் என்று நம்பினார்.

முதலாளி படித்தார். "என்னய்யா இது? பரீட்சையா எழுதறே, விரிவா?"

"நடந்தது அதுதான்."

"நாளைக்கும் அணைப்பேன்னு அதிகாரிகிட்ட குடுக்கச் சொல்றியா? லைசன்சை வாங்கி மடிச்சு வெச்சுக்குவாரு." நாற்காலியில் சாய்ந்தார். "நடுமாடி, நான் உன்மேல தப்பு சொல்லலை. ஆனா மணி அடிக்குதுய்யா. நான் தினமும் பாக்கறேன். எப்ப எடுத்துப் பாத்தாலும் அடிக்குது."

"எடுத்துப் பாத்தா அடிக்கும் முதலாளி."

"பின்ன?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மச்சினன் எழுந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. மேஜைமேல் நடுமாடியின் போனை வைத்தான். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது.

"நீங்க அனுப்புங்க சார். ஆள் சிக்கியிருக்குன்னு."

முதலாளி தன் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பச்சையானது. தகவல் சென்றது, மெக்கானிக் வருகிறார்.

மூன்று பேரும் கறுப்புப் போனைப் பார்த்தார்கள். கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. மூன்று நிமிடம் போயிருக்கும். முதலாளிக்குப் பொறுமை இல்லை. "நெட்வொர்க் இருக்கா பாரு" என்று போனைக் கையில் எடுத்தார். திரை விழித்தது. போன் அலறியது.

"பாத்தியா! அடிக்குதுல்ல!" முதலாளியின் முகம், செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் முன்னால் நடுமாடிக்கு இருந்த அதே முகம்.

நடுமாடி போனை அவர் கையிலிருந்து வாங்கி, அணைத்து, மறுபடி மேஜைமேல் வைத்தார். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"இப்ப அனுப்புங்க. யாரும் தொட வேண்டாம். தொட்டா முழிச்சுக்கும். டீச்சர் நூறு நிமிஷம் இருந்தாங்க. நாமளும் உக்காருவோம்."

"வேலை இல்லையா உனக்கு?"

"நீங்கதான் வீட்ல இருக்கச் சொன்னீங்களே."

முதலாளி அனுப்பினார். உட்கார்ந்தார்கள். எட்டாவது நிமிடம் ஒரு மணி அடித்தது. மூவரும் துள்ளினார்கள். அது முதலாளியின் போன், கூப்பிட்டது அவருடைய பல் வைத்தியர். பதினைந்தாவது நிமிடம் முதலாளி பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். இருபத்திரண்டாவது நிமிடம் எழுந்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

"அவங்களால போக முடியலைங்க" என்றார் நடுமாடி.

முதலாளி நின்றார். கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு பேனா மூடியைத் தொடவில்லை.

நாற்பது நிமிடம் ஆனபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், மச்சினனைக் கேட்டார்: "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் சார். உங்ககிட்ட ஒரு தடவை சொன்னேன். நிஜ ஆப் செஞ்சா ரெண்டு வகைப் போனுக்கும் தனித்தனியா பாக்கணும், நாளாகும்னு. ஒரே பக்கம் போட்டா எல்லாப் போன்லயும் ஓடும், நான் இங்க மாத்தினா அங்க மாறிடும்னு நீங்க சொன்னீங்க. அதுவும் உண்மைதான்."

"ஒரு தடவை சொன்னே. சரி. ரெண்டாவது தடவை ஏன் சொல்லலை?"

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான்.

"எல்லாரும் கை தட்டினாங்க சார்."

நடுமாடி மேஜைக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் தொடை நடுவில் அழுத்திக்கொண்டார்.

நூறு நிமிடம் ஆகவில்லை. ஐம்பத்தாறாவது நிமிடம் முதலாளி, "போதும்" என்றார். தாளை எடுத்து, நடுமாடி எழுதியதை எழுதியபடியே உறையில் போட்டு ஒட்டினார். தன் போனில் போன் அக்காவின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். "அக்கா, நாளைக்கே வர முடியுமா? ஆமா, நான்தான். ஆமா, தப்புதான். நீங்க நேர்ல வந்து திட்டுங்க" என்றார். வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார்.

"நீ கெட்டிக்காரன். ஆனா தெரிஞ்சும் சும்மா இருந்த ஆளை அதிகாரி முன்னால என்னால நிறுத்த முடியாது. நாளைலேர்ந்து வர வேண்டாம்." நடுமாடியிடம், "உனக்கு அந்தப் பதினஞ்சு நாள் மாறாது. யாராவது எதையாவது அனுபவிச்ச மாதிரி காட்டணும்" என்றார்.

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் நடந்தார்கள். மச்சினன் நடுவில் ஒரு முறை, "நிஜ ஆப் பாதி செஞ்சு வெச்சிருக்கேன் மாமா, வீட்ல. யாருக்கும் சொல்லலை" என்றான். நடுமாடி "ம்" என்றார். பாராட்டப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"நீங்களே சொல்லிடுங்க மாமா" என்று கிசுகிசுத்தான்.

"நான் ஏன்டா? வேலை போனது உனக்கு."

"எழுதினது நீங்க."

"நான் உன்னைப் பத்தி ஒரு வரி எழுதலை."

"அதான் எனக்கே கஷ்டமா இருந்துச்சு. எழுந்து வந்துட்டேன்."

"நீ உக்காந்தே இருந்திருக்கலாம்ல, மாப்ள."

"நீங்களும் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கலாம்."

"கத்தாத. கேக்கப் போவுது."

"நீங்கதான் மாமா கத்தறீங்க."

கதவு திறந்தது. அக்கா நின்றாள். கையில் ஈரத்துணி. முதலில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கணவன் முகத்தை, பிறகு மறுபடி தம்பியை.

"ரெண்டு பேருக்குமா?"

மச்சினன் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், அவளுக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கட்டும் என்ற நினைப்பில், நடுமாடி சொன்னார்:

"எனக்குப் பதினஞ்சு நாள்தான்."

அந்தத் 'தான்' வாயிலிருந்து விழுந்தபிறகுதான் அதன் கனம் அவருக்குப் புரிந்தது. அவள் கையிலிருந்த ஈரத்துணியை ஒருமுறை பிழிந்தாள், வாசற்படியில் தண்ணீர் சொட்டியது, மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.